பாலாற்றங்கரையில் ஒரு கல்லறை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தெற்கே சென்றால், செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு குறுக்கிடுகிறது. அதே ஆற்றின் கரையில், மேற்கே வேலூரில், கண்டியின் கடைசி மன்னர் துயில்கிறார் என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்ற ஆண்டு பங்கு இளைஞரோடு அங்கே சென்றிருந்தோம். தமிழக அரசு எழுப்பியுள்ள முத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் கோட்டைக்கு விரைந்தனர். நமக்கோ அக்கல்லறையைவிட்டுக் கால்கள் நகரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவில் வந்தவர். 1798இல் அரியணை ஏறினார். இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாகியிருந்த காலம் அது. 1803இல் படையெடுத்து வந்த அவர்களால் மலைநாட்டை வெல்ல இயலவில்லை. வாளால் இயலாதது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதுகோலால் இயன்றது.

மன்னருக்கும் பிரதானிகளுக்கும் பகை முற்றியது. எஹெலப்பொல என்னும் பிரதானி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். 1814இல் அவருடைய மனைவி மக்களை மன்னர் கொல்வித்தார். அக்கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1815 பிப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனையில் பிரதானிகள் ஒப்பந்தம் செய்தனர். அரசுரிமை பிரித்தானிய மன்னருக்குச் சென்றது. புத்த சமயமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்பது அதற்குக் கைம்மாறான வாக்குறுதி.

மன்னர் 1816இல் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832இல் இறந்தார். பிரதானிகள் கண்ட பயன்தான் என்ன? 1817இல் மலைநாடு ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தது. அடுத்த ஆண்டே நசுக்கப்பட்டது. எஹெலப்பொலவும் சிறைப்பட்டு, மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டார். வீழ்ந்தவரும் வீழ்த்த அந்நியரை அழைத்தவரும், இருவருமே வேற்று மண்ணில்!

ஹவாய்த் தீவுகளிலும் இத்தகைய வீழ்ச்சி உண்டு. 1893இல், அமெரிக்கக் கடற்படை வீரர் கரையிறங்கி நிற்க, அங்குக் குடியேறிய வணிகரும் கரும்புத் தோட்ட நலன் நாடியோரும் அரசி லிலியுவோகலானியை வீழ்த்தினர். 1993இல் அமெரிக்கப் பேரவை மன்னிப்புக் கோரிற்று. அரசு மீளவில்லை.

இனி நம் கால்கள் நகராத காரணம். நம் பங்கில் இரு சகோதரர். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியபின் அவர்களது பூர்வீக நிலத்தின் விலை ஏறிற்று. அண்ணன் கடுமையானவர், தம்பியின் பங்கைக் கொடுக்க மறுத்தார். வெகுண்ட தம்பி, வெளியூர்த் தரகர் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போவதாக நம்மிடம் வந்து சொன்னார். அண்ணனுக்கு ஒரு பாடம் வேண்டியதுதான் என்று நாமும் எண்ணினோம், தடுக்கவில்லை. பத்திரம் பதிவாயிற்று. பாகப் பிரிவினை வழக்கு வந்தது. செலவு தாங்காமல் அண்ணனும் தம் பங்கைக் கிடைத்த விலைக்கு விற்றார். இன்று இருவரும் ஒரே தெருவில் வாடகைக்கு இருக்கின்றனர்.

அண்ணனின் குற்றம் உண்மை. ஆயினும் தரகருக்கு வேண்டியிருந்தது நீதியன்று, நிலம். வீட்டுக்குள் அழும் குரலுக்கு நாம் செவிகொடாவிட்டால், வாசலில் நிற்கும் வேற்றான் அதைக் கேட்டு உள்ளே வருவான். அன்று செவிகொடுக்க வேண்டியவர் நாமே.

அரசர்கள் இரண்டாம் நூலின் முடிவில், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யோயாக்கின் மன்னர் முப்பத்தேழாம் ஆண்டில் சிறை நீங்குகிறார். அரியணை கிட்டவில்லை, அன்றாட உணவு கிட்டுகிறது. அழிவின் வரலாறு ஒரு பந்தியில் முடிவதை, குருமடத்தில் படித்த நாளில் நாம் பெரிதாக எண்ணவில்லை.

அண்ணன் இப்போது நோயுற்றிருக்கிறார். நாள்தோறும் தம்பி வீட்டிலிருந்துதான் அவருக்குக் கஞ்சி போகிறது.