கண்ணுக்குத் தெரியாத கசிவு

தோட்டத்தில் ஒருவர் முகம் வெளுத்துப் போனால், "உடம்பில் இரத்தம் பத்தவில்லை" என்று நாமே சொல்லிவிடுகிறோம். முருங்கைக்கீரையும் ஈரலும் சமைத்துப் போடுகிறோம். நல்லதுதான். ஆனால், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஓட்டை எங்கே என்று தேடுகிற நாம், உடம்பில் இரத்தம் குறைந்தால் அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

குடலில் கசியும் இரத்தம் எப்போதும் கண்ணில் படுவதில்லை. தினமும் ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு கசிந்தால் மலத்தின் நிறம்கூட மாறாது. மாதக்கணக்கில் அப்படிப் போனால் ஆள் சோர்ந்துவிடுவார்; மேடு ஏறினால் மூச்சு வாங்கும்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. செம்பனைக் குலை வெட்டி உழைத்த உடம்பு. முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவார். மலச் சோதனையில் மறைந்திருந்த இரத்தம் தெரிந்தது. பெருங்குடலுக்குள் கருவி விட்டுப் பார்த்தபோது, சுவரில் சின்னச் சின்னப் பைகள் இருந்தன. டைவர்டிகுலா என்று அவற்றுக்குப் பெயர். சைக்கிள் டியூபில் மெலிந்த இடம் புடைத்துக்கொள்வது போல, குடல் சுவரின் பலவீனமான இடம் பிதுங்கிப் பையாகிறது. வயதானால் பலருக்கும் வரும். வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். ஆசிய மக்களுக்கு வலப்பக்கம் அதிகம். பெரும்பாலோர்க்கு அதனால் ஒரு தொந்தரவும் இராது.

"காரணம் அகப்பட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைந்தார்கள். டாக்டர் ஒப்பவில்லை. "பையில் உள்ள இரத்தக் குழாய் உடைந்தால், வலியில்லாமல் திடீரென்று சிவப்பாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே நின்றும்விடும். மறைவாகச் சொட்டுவது அதன் வழக்கமல்ல. பையைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினால், புற்றுநோய்க் கட்டியோ இரைப்பைப் புண்ணோ தப்பிவிடும்" என்றார். இரைப்பையையும் பார்த்தார். அங்கே புண் இருந்தது. வலி மாத்திரை செய்த வேலை! அதே வகை மாத்திரை குடல் பைகளிலும் இரத்தம் வரச் செய்யலாமாம். மாத்திரையை நிறுத்திப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பெரியப்பா தேறினார்.

அன்பர்களே, "மூலம்தான், சூடுதான்" என்று நாளைக் கடத்த வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தாலும், இரத்தமாகப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், 50 வயது தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மலச் சோதனை பற்றிக் கேளுங்கள். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சம் வேண்டாம். போகும்போது, நீங்கள் விழுங்கும் மாத்திரைகளையும் உறையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.