புள்ளிகளில் எழுந்த முகம்

ஒரு படத்தை எவ்வளவு தூரம் குறைத்துக்கொண்டு போகலாம், எந்த எல்லைவரை அது அந்தப் படமாகவே எஞ்சும் என்னும் வினா, ஓவியர்க்கும் உளவியலாளர்க்கும் பொறியியலாளர்க்கும் உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், திருகோணமலை நகரில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு அதே வினா தம் தாயின் முகத்தைப் பற்றியதாக அமைந்தது. விடை தேடுவதற்கு அவர் கைக்கொண்ட கருவி, இன்று எவரும் குப்பையென ஒதுக்கக்கூடிய பழைய வீட்டுக் கணனியொன்று.

ஆசிரியரின் பூர்வீகம் இலங்கைத்துறை. மூதூருக்குத் தெற்கே, களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அண்டிய கிராமம் அது. 1990 இன் வன்செயல், 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை, 2006 இன் போர் என்பன அப்பகுதி மக்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தெறிந்தன. பெயர்ந்தோர் கையில் எடுத்துச் சென்றவை பிள்ளைகளும் அடையாள அட்டையும் நகையும் காணி உறுதியும். அல்பம் பாரமானது, அதைத் தூக்குவதற்கு ஒரு கை மிஞ்சுவதில்லை. ஆசிரியர் வீட்டு அல்பமும் முதல் இடப்பெயர்விலேயே போயிற்று. அதனோடு, தாயார் இளமையில் எடுத்துக்கொண்ட ஒரேயொரு ஸ்ரூடியோப் படமும் போயிற்று.

கணனியோ தப்பிவிட்டது. 1986 இல் இலண்டனிலிருந்த தமையன் அனுப்பிவைத்த சின்கிளேயர் ஸ்பெக்ட்றம் அது. 1982 ஏப்பிரிலில் பிரித்தானியாவில் அறிமுகமான அவ்வியந்திரம் இறப்பர் விசைகளைக் கொண்டது. சாதாரண ஒலிப்பதிவு நாடாவைச் சேமிப்பிடமாகவும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகவும் கொள்வது. மாணவர்க்குச் சார்புகளின் வரைபுகளை வரைந்து காட்ட ஆசிரியர் அதனைப் பயன்படுத்தினார். பின்னர் கொழும்பிற் படித்த உறவினன் ஒருவன் அதை இரவலாகப் பெற்றுச் சென்றான். திருப்பிக் கொடுக்க மறந்தான். அந்த மறதியே இயந்திரத்தைக் காத்தது. பேணிவைத்த அல்பம் அழிய, மறக்கப்பட்ட இயந்திரம் எஞ்சிற்று. பல ஆண்டுகளின் பின் அது ஆசிரியரிடம் மீண்டபோது, உலர்ந்துபோன சில கொள்ளளவிகளை மாற்றியதும் மறுபடி உயிர்பெற்றது.

தாயாரின் படத்துக்கு ஒரு பிரதி இருந்தமை அண்மையிலேதான் தெரியவந்தது. ரொறன்ரோவில் வாழும் பெரியம்மாவின் மகள் தன் தாயின் பெட்டிக்குள் அதைக் கண்டெடுத்து, கைத்தொலைபேசியாற் படம்பிடித்து அனுப்பினார். மருமகன் அதைத் தன் தொலைபேசியில் விரித்துக் காட்டியபோது ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அந்தப் படத்தை ஸ்பெக்ட்றத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். “போனிலயே வடிவாய்த் தெரியுதே மாமா, பிறகேன் இந்தக் கரைச்சல்?” என்றான் மருமகன். கேள்வி நியாயமானதே. அதற்கு ஆசிரியர் வாயாற் பதில் கூறவில்லை. சதுரக்கோட்டுத் தாளொன்றை எடுத்துக்கொண்டு கணக்கிட அமர்ந்தார்.

கணக்கு எளிதன்று. தொலைபேசிப் படத்தில் அகலவாட்டில் 4000, உயரவாட்டில் 3000 என 120 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் செம்மை, பசுமை, நீலம் என மும்மூன்று பைற்றுகள் எனக் கொண்டால், விரிந்த நிலையில் அது 360 இலட்சம் பைற்றுகள். ஸ்பெக்ட்றத்தின் திரையோ 256 புள்ளி அகலமும் 192 புள்ளி உயரமும் கொண்டது. மொத்தம் 49,152 புள்ளிகள். அவ்வியந்திரத்தின் 48 கிலோபைற்று நினைவகமும் மிகச் சரியாக 49,152 பைற்றுகளே. ஆகவே புள்ளிக்கு ஒரு பைற்று வீதம் ஒதுக்கினாலே முழு நினைவகமும் முடிந்துவிடும், கணிப்பதற்கு இடமிராது. இதனால் அதனை வடிவமைத்தோர் புள்ளிக்கு ஒரு பிற்று மட்டுமே அளித்தனர். ஒரு புள்ளி இருக்கும், அல்லது இராது, இடைநிலை இல்லை. அவ்வகையில் உருவத்துக்கு 6144 பைற்றுகள், நிறத்துக்கு 768 பைற்றுகள், ஆக 6912 பைற்றுகளில் ஒரு திரை முடிந்துவிடும். தாயாரின் முகம் 360 இலட்சத்திலிருந்து ஏழாயிரத்துக்கும் குறைவான எண்களுக்குள் அடங்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

இருப்பும் இன்மையும் மட்டுமே உள்ள இடத்தில் கன்னத்தின் மெல்லிய நிழலைக் காட்டுவது எவ்வாறு? அச்சுத்தொழில் இதற்கு முன்னரே வழி கண்டிருந்தது. பழைய செய்தித்தாள்களின் ‘புளொக்’ படங்களைக் கண்ணருகே பிடித்தால் கரும்புள்ளிகளே தெரியும். தூரப் பிடித்தால் சாம்பல் நிறம் தோன்றும். கணனிக்குரிய வழியொன்றை 1976 இல் றொபேட் ஃபுளொயிட், லூயிஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் இருவர் வெளியிட்டனர். அவர்தம் முறை கடன் கணக்கை ஒத்தது. ஒரு புள்ளி சாம்பலாயிருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக்கப்படுமாயின், அங்கு ஏற்பட்ட வழு மறைக்கப்படுவதில்லை, அயற்புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. வலப்புறத்துக்கு 16 இல் 7 பங்கு, கீழிடத்துக்கு 3, நேர் கீழே 5, கீழ்வலத்துக்கு 1. ஒரு புள்ளியிற் செய்த தவறை அயலவை சிறிது சிறிதாகத் தீர்க்கின்றன. தனிப்புள்ளி எதுவும் உண்மையானதன்று. கூட்டம் உண்மைக்கு அணித்தானது. இந்நான்கு பின்னங்களின் கூட்டுத்தொகை ஒன்று என்பதை எழுதிப் பார்த்தபோது ஆசிரியர் அடைந்த மகிழ்ச்சி, வகுப்பறையில் நல்ல நிறுவலொன்றைக் கண்டவரின் மகிழ்ச்சி. படத்தின் ஒரு மூலையைத் தாளிலே கையாற் செய்து பார்த்த பின்னரே எஞ்சியதை மருமகனின் மடிக்கணனியிடம் ஒப்படைத்தார்.

நிறமே அடுத்த சிக்கலாயிற்று. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஸ்ரூடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. தாயாரின் நெற்றிப் பொட்டுக்கு எவரோ ஒருவர் சிவப்புத் தீட்டியிருந்தார். ஸ்பெக்ட்றமோ திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாகப் பிரித்து, கட்டமொன்றுக்கு இரு நிறங்களையே அனுமதிப்பது. பொட்டு இரு கட்டங்களின் எல்லையில் விழுந்தால், இரண்டிலும் உள்ள நிழற்புள்ளிகள் யாவும் சிவந்துவிடும். முதல் முயற்சியில் நெற்றி முழுவதும் காயம்பட்டதுபோற் காட்சியளித்தது. பிழையைக் கண்ட ஆசிரியர் முழுப் படத்தையும் மூன்று புள்ளி இடப்புறமும் இரண்டு புள்ளி மேலும் நகர்த்தச் சொன்னார். பொட்டு ஒரே கட்டத்துள் அமர்ந்தது. ஒரு சிறு சிவப்பு வட்டத்துக்காக ஒரு முழு முகம் இடம்பெயர்ந்தது.

இக்கட்டுப்பாட்டைப் பழமையின் குறைபாடென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1992 இல் நியமமான ஜேபெக் முறையும் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகவே பிரித்துச் சுருக்குகின்றது. நிறத்தை ஒளியிலும் பருமட்டாகவே பெரும்பாலும் சேமிக்கின்றது. தொலைக்காட்சியின் பால் முறையும் அவ்வாறே நிறத்துக்குக் குறைந்த இடம் அளித்தது. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாகவும் நிறத்தின் ஏற்றத்தாழ்வை அத்துணை நுணுக்கமின்றியும் உணர்வதே இவையனைத்துக்கும் அடிப்படை. ஆகவே கைத்தொலைபேசியும் படத்திற் சிலவற்றைக் கழித்துவிட்டே தருகின்றது. கழிப்பது தெரியாதவாறு கழிப்பதே அதன் திறமை. ஸ்பெக்ட்றம் கழிப்பதை மறைக்க இயலாதது. எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வோர் அடியிலும் மனிதனைக் கேட்பது.

இலக்கமுறைப் படத்தின் வரலாறும் இத்தகைய எளிமையிலேயே தொடங்கியது. 1957 இல் அமெரிக்காவில் றசல் கேர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணனிக்குள் ஏற்றியபோது, அது 176க்கு 176 புள்ளிகளையே கொண்டிருந்தது. 1975 இல் கொடாக் நிறுவனத்தின் ஸ்ரீவன் சசன் அமைத்த இலக்கமுறைக் கமரா 100க்கு 100 புள்ளிகள் கொண்ட படத்தை ஒலிப்பதிவு நாடாவிற் பதிந்தது. ஒரு படத்துக்கு 23 செக்கன் பிடித்தது. காட்டியது தொலைக்காட்சிப் பெட்டியில். நாடாவும் தொலைக்காட்சியும் ஸ்பெக்ட்றத்துக்கும் அதற்கும் பொதுவாயிருந்தமை நோக்கற்பாலது. கணனிக்குள் ஏறிய அந்த முதற்படமும் குடும்பத்து முகமொன்றே என்பது அதனினும் நோக்கற்பாலது.

ஏற்றும் நாள் வந்தது. ஆயத்தமான 6912 பைற்றுகளும் ஒலியாக மாற்றப்பட்டன. மடிக்கணனியிலிருந்து ஒரு கம்பி ஸ்பெக்ட்றத்தின் காதுத்துளைக்குச் சென்றது. ஒலி குறைந்தமையால் இருமுறை ஏற்றம் தவறிற்று. மூன்றாம் முறை கீச்சென்ற ஓசையோடு வரிகள் இறங்கலாயின. ஸ்பெக்ட்றம் படத்தை மேலிருந்து கீழாக ஒரே சீராக வரைவதில்லை. திரையை மூன்று பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக இட்டு, மீண்டும் வந்து இடைவெளிகளை நிரப்பும். முதலில் கூந்தலும் நெற்றியும், அடுத்துக் கண்களும் மூக்கும், இறுதியில் வாயும் கழுத்தும் யன்னற் சட்டங்களினூடே தெரிவதுபோல் உருப்பெற்றன. ஏறத்தாழ முக்கால் நிமிடம். அதுவரை கறுப்பும் வெள்ளையுமே. நிறத்துக்குரிய 768 பைற்றுகள் கடைசியாகவே வரும். அவை வந்த கணத்திற் பொட்டுச் சிவந்தது.

மருமகன் கண்டது புள்ளிகளை. அவன் பாட்டியை ஒருபோதும் பார்த்ததில்லை. ஆசிரியரோ, திரையில் இல்லாததாகிய, இடப்புருவத்தின் மேலிருந்த சிறு தழும்பையும் அங்கே கண்டதாகச் சொன்னார். அத்தழும்பு ஒரு புள்ளியிலும் சிறியது. எக்கணக்கின்படியும் அது எஞ்சியிருக்க முடியாது. எஞ்சியது அவருள்ளே. குறைந்த படத்தை நிறைவு செய்வது காண்பவரின் அறிவு. அறிந்தவர் மறைந்தபின் அதே 6912 எண்களும் வெறும் எண்களாகிவிடும்.

இங்கேதான் இவ்விடயம் ஒருவரின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடக்கின்றது. கழித்தல் ஒருவழிப் பாதை. பெரிய படத்திலிருந்து சிறியதைப் பெறலாம். சிறியதிலிருந்து பெரியதை மீட்க முடியாது. ஸ்பெக்ட்றத்திற் தோன்றிய முகம் மூலத்துக்கு மாற்றாகாது என்பதை ஆசிரியரே முதலில் உணர்ந்தார். அதனாலேயே தொலைபேசிப் படத்தை மூன்று உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். படத்தின் பின்புறத்தில் எழுதுவதுபோல, தாயாரின் பெயரையும் ஊரையும் தழும்பு வந்த கதையையும் அதனோடு சேர்த்தனுப்பினார். படம் தப்பியது ஓரிடத்திற் பத்திரமாக இருந்தமையால் அன்று, ஈரிடத்தில் இருந்தமையாலேயே என்பதை அவர் வாழ்க்கை அவருக்குக் கற்பித்திருந்தது.

திருகோணமலை இதனை முன்னரும் கண்டதுண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளை, 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலடியிற் கண்டனர்; மறுவருடம் கிளார்க்கின் நூலொன்று அவற்றை உலகுக்கு அறிவித்தது. செதுக்கிய தூணின் ஒரு துண்டிலிருந்து முழுக் கோயிலையும் உள்ளத்திற் கட்டியெழுப்ப அவ்வூர் மக்களால் முடிந்தது, கோயிலைப் பற்றிய நினைவு வழிவழியாக இருந்தமையால். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகள் எவ்வாற்றானும் மீளவில்லை. 2005 இலிருந்து நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பொதுவில் வைத்து வருவதன் பெறுமதி இப்பின்னணியிலேயே விளங்கும்.

நூல்களுக்கு ஒரு நூலகம் உண்டு. வீடுகளின் அல்பங்களுக்கு இன்னும் வீடுகளே பொறுப்பு. இன்று கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உறங்குகின்றன. அவற்றில் இருப்போர் யாரென அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். படத்துக்குப் பிரதி எடுப்பது சில கணங்களில் முடியும் வேலை. அதிலுள்ளவர் யார், எந்த ஊர், எந்தத் தழும்பு என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கோ அறிந்தவர் உயிரோடிருக்க வேண்டும். கேட்பதற்கு ஒருவர் அருகே அமரவும் வேண்டும்.