இரண்டு லிட்டர் அனுமதி



விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டது. வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் இந்நேரம் பெட்டி கட்டத் தொடங்கியிருக்கும். யார் யாருக்கு என்னென்ன என்று பட்டியலும் எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் எழுதப்படாமல் வாய்மொழியாகவே வந்து சேரும் பொருள் ஒன்று உண்டு. அதைப் பற்றி எங்கள் குடும்பம் பட்ட பாட்டை, வெட்கத்தோடுதான், இங்கே எழுதுகிறோம். எங்களைப் போல் 'சரி' என்ற ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

எங்கள் ஊர் கொற்கைக்கு அருகில் இருக்கிறது. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் சிற்றூர். ஒரு குளம், பழைய வன்னிமரம், சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். யவனர் கலங்களில் மது தமிழகத்துக்கு வந்ததைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கொற்கை தூர்ந்தபின் அதன் இடத்தைக் காயல் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அங்கே வந்தபோது ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த கலங்களில் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கடல் கடந்து போய்ப் பொருளோடு திரும்புவது இந்தக் கரையின் பழைய தொழில். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். கப்பலுக்குப் பதிலாக விமானம், துறைமுகத்துக்குப் பதிலாகத் திருவனந்தபுரமும் மதுரையும்.

சில ஆண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து விடுமுறைக்குப் புறப்படும் வாரத்தில் அண்ணாச்சியிடமிருந்து தொலைபேசி வந்தது. கொற்கையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். வாப்பா அவரை அண்ணாச்சி என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைப்போம். ஒரு நள்ளிரவில் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, தம் கடை வேனில் படுக்கவைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவர் அவர். அப்போது நாங்கள் துபாயில் இருந்தோம். அதன்பின் வாப்பாவுக்கு அல்லாஹ் மேலும் மூன்றாண்டு ஆயுளைத் தந்தான். அந்த மூன்றாண்டுக்கும் அண்ணாச்சியே காரணமாக அமைந்தார் என்ற நன்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

"தம்பி, மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. சம்பந்தக்காரங்க வாராங்க. வரும்போது டூட்டி ஃப்ரீயில ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்திரு. காசு குடுத்திருதேன்" என்றார்.

அந்த வேனை நினைத்தோம். "சரி அண்ணாச்சி" என்றோம்.

அந்தப் பயணத்துக்கு ஓராண்டு முன், ஊரிலிருந்து துபாய் திரும்பும்போது, உம்மா மூலிகை போட்டுக் காய்ச்சித் தந்த தலை எண்ணெய்ப் புட்டியைக் கைப்பையில் வைத்துவிட்டோம். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறையில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்டது. அதற்குப்பின் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலத்தில் எந்தத் திரவமும் கூடாது என்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவியது. எண்ணெய், தேன், ஊறுகாய், ஸம்ஸம் நீர் எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் சோதனையைக் கடந்தபின் உள்ளே உள்ள தீர்வையில்லாக் கடையில் வாங்கும் லிட்டர் புட்டிக்கு அந்தத் தடை இல்லை. அதை ஒளி ஊடுருவும் உறையில் இட்டு, ரசீது வெளியே தெரியும்படி வைத்து, முத்திரையிட்டுத் தருவார்கள். இணைப்பு விமானம் இருந்தால் வழியில் மறுபடியும் சோதனை நடக்கும். உறை பிரிந்திருந்தாலோ ரசீது இல்லாவிட்டாலோ பொருள் போய்விடும். நாங்கள் கொழும்பு வழியாக மதுரை வந்தோம். உம்மாவின் எண்ணெய் கடக்க முடியாத இடங்களை எல்லாம் அந்த இரண்டு புட்டிகள் ஒரு கேள்வியுமின்றிக் கடந்தன. இந்தியச் சுங்க விதியும் ஒரு பயணிக்கு 2 லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றி அனுமதிக்கிறது. சட்டப்படி நாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

வழியெல்லாம் எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். நாம் குடிக்கப் போவதில்லை. வாங்கித் தரச் சொன்னவர் முஸ்லிம் அல்லர். அரசாங்கமே அனுமதிக்கிறது. செய்த உதவிக்குக் கைம்மாறு வேண்டாமா? நான்கும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தன.

வீட்டுக்கு வந்த அன்று மாலை, பேரீச்சம்பழம் தேடிப் பையைத் திறந்த எங்கள் மகளின் கையில் அந்த உறை சிக்கியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எழுத்துக்கூட்டி எதையும் படித்துப் பார்க்கும் பருவம். தன் பாட்டியின் அருகில் அமர்ந்து ரசீதை உரக்கப் படித்தாள். கடையில் பயண அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்பதால் பயணியின் பெயர் அதில் அச்சாகியிருந்தது. கடவுச்சீட்டில் உள்ளபடி முதலில் மகனின் பெயர், அடுத்து தகப்பனின் பெயர். மதுப்புட்டிகளின் ரசீதில் வாப்பாவின் பெயரைத் தன் பேத்தி படிக்க உம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உம்மா சத்தம் போடவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, "அண்ணாச்சி கேட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. அவர் மத்தவங்க கொண்டு வாரதப் பாத்துக் கேட்டிருப்பார். முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு என்ன வந்துச்சு? அவருக்குப் பட்ட கடன இதுலயா தீக்கணும்?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக அறிவிக்கும் நபிமொழியை நாம் எல்லோரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. குடிப்பவர் அந்தப் பத்தில் ஒருவர் மட்டுமே. பிழிபவர், விற்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர், சுமப்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர் என்று அந்த வரிசை நீள்கிறது. கேட்கும்போதெல்லாம் அது வேறு யாரையோ பற்றியது என்றே எண்ணியிருந்தோம். அன்று எண்ணிப் பார்த்தால், வாங்கியவரும் நாங்கள், சுமந்தவரும் நாங்கள்.

முஸ்லிமல்லாதவரின் மதுவைக் கூலிக்குச் சுமப்பது பற்றி ஹனஃபி நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூ ஹனீஃபா அக்கூலியை அனுமதித்தார்கள். அவர்களின் மாணவர்கள் இருவரும் அதை வெறுத்தார்கள். ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்காக முதுகில் சுமக்கும் தொழிலாளியைப் பற்றிய பேச்சு. கடைக்குள் நுழைந்து, அலமாரியில் பார்த்து எடுத்து, பணம் செலுத்தி வாங்கிய எங்களுக்கு அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அன்றிரவே புட்டிகள் இரண்டையும் வீட்டின் பின்புறச் சாக்கடையில் கவிழ்த்தோம். மது விலக்கப்பட்ட செய்தி வந்தபோது மதீனாவின் தெருக்களில் அது கொட்டி ஓடியதாகப் படித்திருக்கிறோம். அந்த ஈமான் எங்கே, மகள் படித்துக் காட்டிய பிறகு விழித்துக்கொண்ட நாங்கள் எங்கே!

மறுநாள் காலை வெறுங்கையோடு அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். புட்டிகளைக் கொட்டியதைவிட அது கடினமாக இருந்தது. வாங்கியதையும் கொட்டியதையும் மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத ஃபோன்லயே சொல்லியிருந்தா காசாவது மிஞ்சியிருக்குமே, தம்பி" என்றார். பிறகு, "உங்க வாப்பா கடைக்கு வந்தா நான் சீட்டுக்கட்டக்கூட உள்ள எடுத்து வச்சிருவேன். அவரு மவன்ட்ட இதக் கேட்டிருக்கப்படாது. ஆனா உங்க ஆளுக ரெண்டு மூணு பேரு முன்ன கொண்டாந்து தந்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதனால இதுல ஒண்ணும் இல்ல போலன்னு நினைச்சிட்டேன்" என்றார்.

அவர் குற்றம் சாட்டும் தொனியில் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் எங்களை உறுத்தியது அந்தச் சொல்தான். அண்ணாச்சி மனம் நோகுமே என்று அஞ்சி நாங்கள் மௌனமாக இருந்தோம். எங்களுக்கு முன் கொண்டுவந்தவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். அந்த மௌனங்கள் சேர்ந்து, நம் மார்க்கம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை என்று ஒரு நல்ல மனிதருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. நாம் மறுத்திருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். அவரை நாம் சரியாக மதிக்கவில்லை என்பதே உண்மை.

புறப்படும்போது அவரே கூப்பிட்டு, "கோடாலித் தைலம் இருந்தா ரெண்டு குடு தம்பி, முட்டு வலி தாங்க முடியல" என்றார். வீட்டில் இருந்த அத்தனை புட்டிகளையும் கொண்டு போய்க் கொடுத்தோம். நிச்சயதார்த்தத்தன்று பாதாமும் பேரீச்சையும் எங்கள் வீட்டிலிருந்து போயின. பந்தியில் இலை போட்டுப் பரிமாறவும் நின்றோம்.

இந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, கேட்ட அந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள். "அதை மட்டும் எங்களால் தொட முடியாது, வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்றால் போதும். கேட்டவரைத் திருத்தும் உரை எதுவும் தேவையில்லை. வேறொன்றை அன்போடு கொண்டு போய்க் கொடுத்தால் உறவு குறையாது.

இரண்டாவது, விமான நிலையத்தில் முன்பின் அறியாதவர்களும் கேட்பார்கள். அடுத்த ஆண்டு வரிசையில் நின்ற ஒருவர், "நீங்கதான் வாங்க மாட்டீங்களே பாய், உங்க கணக்குல எனக்கு எடுத்துத் தாங்க" என்றார். குடிக்காதவரின் பயன்படாத 2 லிட்டர் அவருக்கு வீணாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே மறுத்தோம். மார்க்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், ரசீதில் உங்கள் பெயர்தான் இருக்கும். சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. பிறர் தரும் பொட்டலம் எதையும் சுமக்காதீர்கள்.

மூன்றாவது, சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்குள் மதுவைக் கொண்டு செல்வதே குற்றம். சாக்லேட் பெட்டி வாங்கும்போதும் உறையில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். உள்ளே மது நிரப்பிய வகைகளும் அதே அலமாரியில் இருக்கின்றன.

நான்காவது, உம்ரா முடித்து வருவோர் ஸம்ஸம் நீரைக் கைப்பையில் வைக்க வேண்டாம். அதற்கென அட்டைப்பெட்டியில் அடைத்துத் தரும் 5 லிட்டர் கேனை விமான நிறுவனத்தின் விதியைக் கேட்டறிந்து சரக்கோடு அனுப்புங்கள். பெரியவர்கள் காய்ச்சித் தரும் எண்ணெயையும் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். நாங்கள் தொலைத்த புட்டியை உம்மா இன்றும் நினைவூட்டுகிறார்கள்.

எங்கள் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். கடந்த முறை தீர்வையில்லாக் கடையைக் கடக்கும்போது, "இங்கேதானே அன்றைக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டாள். "ஆம்" என்றோம். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டிய ரசீது இல்லாமல் ஊர் போய்ச் சேர்வது எத்தனை பெரிய நிம்மதி என்பதை அறிந்துகொண்டோம்.

அறியாமலும், அறிந்தும் வெட்கத்தால் பணிந்தும் நாம் செய்த பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நல்ல அண்டை வீட்டாருக்கு நல்லதையே சுமந்து செல்லும் கைகளை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.