ரோட்ஸ் மியூசியமும் கல்லாத்துக் கல்லும்

கிரீஸ் தீவுகளுக்குப் போறவங்க பாதிப்பேர் கடற்கரையில படுத்துக் கறுத்துட்டுத் திரும்பிடறாங்க. (நமக்கு அந்தச் செலவே இல்லை!) ரோட்ஸ் போனீங்கன்னா, பழைய நகரத்துக்குள்ள இருக்கற தொல்பொருள் மியூசியத்துக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிடுங்க.

கட்டடமே பார்க்கணும். செயின்ட் ஜான் வீரர்கள் 1440-ல கட்ட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. முற்றத்துல ஒரு பளிங்குச் சிங்கம் உட்கார்ந்திருக்கு.

கல்லாறுலேருந்து அம்மா மூணு மாச விசாவில் வந்திருந்தாங்க. பொன்முடிக்குப் போற வழியில, 22 கொண்டை ஊசி வளைவும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருமே, அந்தக் கல்லாறுதான். தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம் எங்களோடது.

எல்லாரும் கூட்டமா நிக்கறது அப்ரோடைட்டி சிலைகிட்ட. சின்னச் சிலை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முடியை விரிச்சுப் பிடிச்சிருக்கா. அம்மா ஒரு பார்வை பார்த்துட்டு, "ஈரத்தலையோட இருக்கா, சளி பிடிக்கப் போவுது"ன்னு நகர்ந்துட்டாங்க.

அடுத்தது ஜாடிகள். ரோட்ஸ், கோஸ் தீவுகளோட ஒயின் ஜாடித் துண்டுகள் நம்ம அரிக்கமேட்டுலயும் கிடைச்சிருக்கு. 1945-ல வீலர் தோண்டின இடம்தான். இந்தப் பக்கம் முசிறியிலிருந்து மிளகு கப்பலேறியிருக்கு. இதைச் சொன்னதும் அம்மா, "அப்போ மிளகைக் குடுத்துட்டுக் கள்ளு வாங்கியிருக்கானுவ"ன்னாங்க. வணிக வரலாற்றை இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்லிட முடியாது.

அம்மா நின்னது இன்னொரு கல்லுகிட்ட. கமிரோஸ் ஊர் இடுகாட்டுல கிடைச்ச நினைவுக்கல். கிட்டத்தட்ட 2,400 வருஷப் பழசு, ஆளைவிட உயரம். ரெண்டு பொம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் அணைச்சு நிக்கறாங்க. மேல பேர் வெட்டியிருக்கு: கிரிட்டோ, டிமாரிஸ்டா.

"ஏட்டி, இதுல செத்தது யாரு?"

"டிமாரிஸ்டா. அம்மாக்காரி. மக வழியனுப்பறா."

"அதான் மக முடியை வெட்டியிருக்கா"ன்னாங்க. பக்கத்துல இருந்த குறிப்பை நான் அதுக்கப்புறம்தான் படிச்சேன். துக்கத்துக்குக் கத்தரிச்ச முடிதான்.

ஆச்சி செத்தப்ப அம்மாவுக்குப் பதினோரு வயசு. லயத்துக்கு மேலே சரிவுல புதைச்சிட்டு, தாத்தா கல்லாத்துலேருந்து ஒரு உருண்டைக் கல்லைத் தூக்கிட்டுப் போய்த் தலைமாட்டுல வெச்சாராம். பேர் எதுவும் எழுதலை. அப்புறம் அந்தச் சரிவே ஆள் மாறி, காடு மாறி, போன தடவை போனப்போ அம்மாவுக்கு இடமே பிடிபடலை. உருண்டைக் கல்லுக்கா அங்க பஞ்சம்?

மியூசியத்துல அம்மா ஆச்சி பேரைச் சொன்னாங்க. என் பொண்ணு அதுவரைக்கும் அந்தப் பேரைக் கேட்டதில்லை. நானே எப்பவோ கேட்டதுதான்.

ஊருக்குத் திரும்பினதும் அம்மா தம்பியை விரட்ட ஆரம்பிச்சிட்டாங்க. விதுரா பக்கம் கல் கொத்தறவர் ஒருத்தர் கிடைச்சிருக்கார். அவருக்கு மலையாள எழுத்துதான் பழக்கம். தமிழ்ல வேணும்னா எழுதிக் கொடுத்தா பார்த்து வெட்டறேங்கறார். ஆச்சிக்கு ரெண்டு எழுத்துமே தெரியாது.

கல்லை எங்க வைக்கறதுன்னு தம்பி கேட்டதுக்கு, "முத்தத்துல வைடா, துணி காயப்போடற பக்கம்"னு சொல்லியிருக்காங்க. இப்போ எழுத்து விஷயம் மட்டும் பாக்கி. நேத்து ராத்திரி போன்ல தமிழ்னாங்க, இன்னிக்குக் காலையில ரெண்டும்ங்கறாங்க.