தொழில்: இல்லை

என் தாயாரின் இறப்பைப் பதிவு செய்ய நான் நிரப்பிய படிவத்தில் இறந்தவரின் தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. தொழில் எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். துக்கத்தில் கை தவறிவிட்டது என்று சமாதானம் சொல்ல எனக்கு வழியில்லை. இதே காரியத்தை முன்பும் ஒருமுறை, அம்மா உயிரோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதே செய்திருக்கிறேன்.

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காரன் நான். ஜமீன் ஊர். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, செட்டில்மென்ட் வேலைகள் முடிந்து பட்டா கைக்கு வந்தபோது, எங்கள் தாத்தாவுக்கு வாய்த்தது உடையும் எருக்கும் மண்டிய தரிசு. ஐம்பதுகளின் கடைசியில் அம்மா வாக்கப்பட்டு வந்த சமயம் அதில் ஏர் இறங்கியிருக்கவில்லை. உடைமரங்களை அப்பாவும் சித்தப்பாவும் வெட்டித் தள்ளினார்கள். அந்தக் கதையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மரம் வெட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அருகு எடுப்பது அப்படியல்ல.

கரிசலில் அருகு இறங்கிவிட்டால் லேசில் விடாது. கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது கடப்பாரை போட்டுக் கட்டியைப் பெயர்க்க வேண்டும். கட்டியை உடைத்து உள்ளே ஓடும் வேரை உருவிக் குமித்து, காயவிட்டுக் கொளுத்த வேண்டும். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் ஐப்பசி மழைக்குப் பச்சை காட்டிவிடும். மறு கோடையில் மறுபடியும் கடப்பாரை. அந்தக் காட்டின் அருகை அம்மாதான் எடுத்தாள். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு எடுத்த கோடையும் அதில் உண்டு. கம்பு விளைந்து, பிறகு பருத்தி விளைந்தது. பருத்தி எடுக்கும் நாட்களில் காய்ந்த காயின் ஓடு குத்தி அவள் விரல் நுனியெல்லாம் பிளந்திருக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, மறுநாள் விடியுமுன் மடியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பருத்தி வண்டியில் ஏறிக் கோவில்பட்டிக்குப் போவதும், தராசுக்குப் பக்கத்தில் நிற்பதும், பணத்தை எண்ணுவதும் அப்பா. ஊரில் சம்சாரி, அதாவது விவசாயி, என்றால் அவர்தான்.

மழை பொய்த்த வருஷங்களில் அம்மா அடுத்தவர் காட்டுக்குக் களைவெட்டப் போனாள். அதுவும் இல்லாதபோது தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கட்டை வாங்கி வந்து வீட்டில் அடுக்கினாள். நான் ஆசிரியப் பயிற்சி படித்தது அந்தக் காசில்.

வேலை கிடைத்த கையோடு நான் அவளிடம் முதலில் சொன்னது, ‘இனிமே நீ காட்டுக்குப் போகக் கூடாது’ என்பதுதான். பாசம் என்றுதான் ஊர் நினைத்தது, நானும் அப்படித்தான் பேசிக்கொண்டேன். உண்மையில் வாத்தியாரின் அம்மா தலையில் புல்லுக்கட்டோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவது எனக்குக் கேவலமாக இருந்தது. அவள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து வழியை விட்டுவிட்டு ஓடை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. என்னைப் போன்ற வாத்தியார்கள்தானே எடுப்பது! பயிற்சி வகுப்பில் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார்கள்: கூலி வாங்காமல் சொந்தக் காட்டில் பார்க்கும் வேலையும் வேலைதான், பெண்கள் விஷயத்தில் துருவித் துருவிக் கேளுங்கள். வருஷத்தில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை பார்த்தால் முதன்மைத் தொழிலாளி, அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி. முதன்மைத் தொழிலாளிக்கு ‘வீட்டு வேலைகள்’ என்கிற குறியீடு கிடையாது. குழப்பமே இல்லாத விதி.

வாசலில் நின்று கேட்டால் ஆம்பளைதான் பதில் சொல்வான். ‘பொம்பளையா? வீட்லதான் சும்மா இருக்கா.’ அவன் சொல்லும்போதே அந்தச் ‘சும்மா’ சுளவில் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பாள். பல வீடுகளில் நான் துருவவில்லை. கொஞ்சம் வசதியான வீடுகளில் கேட்கவே கூச்சம். மனைவி காட்டு வேலைக்குப் போகிறாள் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது, அதே ரகமான எனக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டுப் படிவத்தை ராத்திரி நானே எழுதினேன். அம்மா முற்றத்தில் பாசிநெற்றை அடித்துக்கொண்டிருந்தாள்.

‘என்னய்யா, நம்ம வீட்டையும் எழுதுதியா?’

‘எழுதிட்டேம்மா.’

‘எனக்கு என்ன வேலைன்னு போட்டிருக்கே?’

‘விவசாயம்னு.’

‘அப்படியா!’ என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எழுதியிருந்தது ‘வீட்டு வேலைகள்’. படிவம் என் மடியில்தான் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. திருத்தச் சுற்றுக்கு மார்ச் 1 முதல் 5 வரை நேரமும் இருந்தது. நான் திருத்தவில்லை.

நிலத்தைத் திருத்தியவள் கணக்கில் ஏறாமல் போனது இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி காட்டைத் திருத்துபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்தது. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் மனுப் போடலாம். புருஷனோடு வாழ்கிற பெண்ணுக்குத் தன் பெயரில் கிடைப்பது அரிது. அங்கே 1870 கணக்கெடுப்பில், சொந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குத் தொழில் கட்டத்தில் ‘வீடு பராமரிப்பு’ என்று எழுதச் சொன்னார்கள். அந்த எழுத்தர்களையாவது மன்னிக்கலாம், அவர்களுக்கு வந்த உத்தரவு அது. எனக்கு வந்த உத்தரவு நேர்மாறானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்த நாவல். ஆந்திரத்திலிருந்து வந்து காட்டை எரித்து, கரிசலைத் திருத்திக் குடியேறியவர்களின் கதை. அதில் வரும் மங்கத்தாயாரு அம்மாளைப் பற்றி நான் மேடையில் பேசினால் கைதட்டல் விழும். அப்படிப் பேசிவிட்டு வந்த இரவுகளில், எனக்காக முழித்திருந்து சோறு போட்டவள் காட்டைத் திருத்திய இன்னொருத்தி. 2019-ல் கி.ரா.வின் துணைவி கணவதி அம்மாள் காலமானபோது, ‘எழுத்தாளர் கி.ரா.வின் மனைவி’ என்ற தலைப்போடு செய்தி வந்தது. வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிப் போனவர்களில் நானும் ஒருவன்.

அம்மாவின் சாவு பெரிய கதையில்லை. பங்குனி வெயிலில் காட்டிலிருந்து வந்தவள் திண்ணையில் சாய்ந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பேச்சு குழறிய நிலையிலும், மிளகாய் வத்தலை அள்ளியாச்சா என்றுதான் கேட்டாள். பட்டா அப்பா பெயரில் இருந்தது, பிறகு எங்கள் பெயருக்கு மாறியது. அந்த நிலத்தின் எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் ஏறியதே கிடையாது.

சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த எங்கள் பிர்காவைக் கோவில்பட்டியோடு சேர்த்தபோது, வருவாய்க்கு ஒரு மாவட்டம், ஒன்றியத்துக்கு இன்னொரு மாவட்டம் என்றானது. ஊரை ஒழுங்காக ஒரே கணக்கில் எழுதுங்கள் என்று மனு மேல் மனு போனது. மனு எழுதிக் கொடுத்த கைகளில், அம்மாவின் கட்டத்தைத் திருத்தாத என் கையும் உண்டு.

அடுத்த கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை வீட்டாரே கைபேசியில் விவரங்களைப் பதியலாமாம். பெரும்பாலான வீடுகளில் கைபேசியில் அழுத்தப் போவது என்னைப் போன்ற ஒரு மகனோ புருஷனோதான். தொழில் பற்றிய கேள்வி வரும்போது தயவுசெய்து அந்தக் கைபேசியை அவள் பக்கம் திருப்பி, அவளிடமே கேளுங்கள். அவள் சொன்னதை அப்படியே பதிந்து, அவளுக்கு வாசித்தும் காட்டுங்கள்.