ஆலிஸ் துறையில் மனம் மாறுகிறவர்கள்

யூரிப்பிடிஸின் ‘ஆலிஸில் இஃபிஜெனியா’ அவர் இறந்த பிறகு, கி.மு. 405-இல் ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில் அரங்கேறியது. அதே தொகுப்பில் ‘பாக்கே’யும் இருந்தது, முதல் பரிசும் கிடைத்தது. கதை சிறியது. ட்ராய் மேல் படையெடுக்கத் திரண்ட கிரேக்கக் கப்பல்கள் ஆலிஸ் துறையில் காற்றின்றிக் கிடக்கின்றன. படைத்தலைவன் அகமெம்னான் தன் மகள் இஃபிஜெனியாவை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குப் பலியிட்டால்தான் கப்பல் நகரும் என்கிறான் குறிசொல்லி கால்கஸ். அக்கிலிஸுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பொய் சொல்லி அவளை வரவழைக்கிறான் தகப்பன்.

மேடையேற்றுகிறவர்களை இந்த நாடகம் படுத்தும் பாடு ஒன்று உண்டு: இதில் யாரும் சொன்ன சொல்லில் நிற்பதில்லை. அகமெம்னான் முதலில் மகளை வரச்சொல்லி எழுதுகிறான், பிறகு வராதே என்று இன்னொரு மடல் எழுதுகிறான். அதை வழிமறித்துப் பிடுங்கி அண்ணனைத் திட்டித் தீர்க்கிற மெனலாஸ், கொஞ்ச நேரத்தில் ‘பிள்ளையைக் கொல்லாதே’ என்று அவனே கேட்கிறான். அதற்குள் அகமெம்னான் மறுபடி மாறிவிடுகிறான். கடைசியில் இஃபிஜெனியாவே மாறுகிறாள்: உயிருக்குக் கெஞ்சியவள் பலிபீடத்துக்குத் தானாக நடக்கிறாள். குணச்சித்திரம் சீராக இல்லாததற்கு அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் இவளைத்தான் எடுத்துக்காட்டினார். ஏட்டில் படிக்கிறவருக்கு அது நியாயமான குற்றச்சாட்டு. நடிக்கிறவர்கள் பார்வை வேறு. ஒருவர் பேசி முடித்ததற்கும் மறுபடி வாய் திறப்பதற்கும் நடுவில் அவர் காதில் என்ன விழுந்தது என்று அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

தொடக்கக் காட்சியே இதற்குப் பயிற்சி. விடியவில்லை, கூடாரத்துக்கு வெளியே விளக்கு எரிகிறது. அகமெம்னான் மரப்பலகையில் எழுதுகிறான், அழிக்கிறான், முத்திரை வைக்கிறான், அதை உடைக்கிறான், பலகையைத் தரையில் எறிந்துவிட்டு அழுகிறான். இவ்வளவையும் பக்கத்தில் நிற்கும் கிழட்டு வேலைக்காரன்தான் வாய்விட்டுச் சொல்கிறான். வேலைக்காரன் சொல்லும்போதே நடிகரும் செய்து காட்டினால் ஒரே விஷயம் இரண்டு முறை வந்துவிடும். பலகை ஏற்கனவே தரையில் கிடக்க, அகமெம்னான் அசையாமல் இருந்தால் அந்த வரிகளுக்குக் கனம் கூடும்.

மெனலாஸின் மாற்றத்தை நடிப்பா, நிஜமா என்று பிரதி திட்டவட்டமாகச் சொல்வதில்லை. தந்திரமாக ஆடினால் கைதட்டல் கிடைக்கும், நாடகம் சிறுத்துப்போகும். தாய், மகள், கைக்குழந்தை ஓரெஸ்டிஸ் மூவரும் வந்துவிட்டார்கள் என்ற செய்தி கேட்டு அண்ணன் அழுவதைப் பார்த்த பிறகே அவன் மாறுகிறான். இரண்டு சகோதரர்களும் வேண்டாம் என்ற பிறகும், படை அறிந்துவிடும், படையிலிருக்கும் ஒடிஸியஸ் விடமாட்டான் என்ற பயத்தில் காரியம் நிற்காமல் போகிறது. உண்மையாக ஆடினால்தான் இந்தப் பயங்கரம் புலப்படும்.

அடுத்து அப்பாவும் மகளும் சந்திக்கும் காட்சி. ஓடிவந்து கட்டிக்கொள்கிற பெண் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். தகப்பனின் பதிலெல்லாம் இரட்டை அர்த்தம்; அவளும் ஒரு பயணம் போகவேண்டும் என்கிறான், பலியின்போது தீர்த்தக் கலயத்துக்குப் பக்கத்தில் நிற்பாள் என்கிறான். அவளுக்குப் புரியாது, பார்வையாளருக்குப் புரியும். இங்கே அகமெம்னான் உடைந்து அழுதால் மகளுக்கும் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் அவளை மந்தமானவளாக்கியதாகிவிடும். முகமூடி அணிந்த ஏதென்ஸ் நடிகர்களுக்கு இந்த இக்கட்டு பாதி குறைவு.

அந்தக் காலத்தில் பேசும் பாத்திரங்கள் அத்தனையும் மூன்று நடிகர்களுக்குள் பங்கிடப்பட்டன. இந்த நாடகத்தில் அகமெம்னானும் அக்கிலிஸும் ஒருமுறைகூட மேடையில் சேர்ந்து நிற்பதில்லை. ஆகவே ஏமாற்றிய தகப்பனையும் பொய்யாகச் சொல்லப்பட்ட மாப்பிள்ளையையும் ஒரே நடிகர் செய்யலாம். ஆள்பற்றாக்குறைக்காகச் செய்தாலும் அந்தக் குரல் ஒற்றுமை வீணாகாது.

இஃபிஜெனியாவின் திருப்பத்துக்கு வருவோம். கெஞ்சும் பேச்சு சாதாரண உரையாடல் சந்தத்தில் இருக்கிறது. தகப்பன் பதில் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் தனியாகப் பாடிப் புலம்புகிறாள். அப்போது ஆயுதம் தாங்கிய ஆட்களோடு அக்கிலிஸ் வர, வெட்கத்தில் உள்ளே ஓடப் பார்க்கிறாள். தாய் கிளிட்டெம்னெஸ்ட்ரா தடுக்கிறாள். அதன் பிறகு பேச்சு அக்கிலிஸுக்கும் தாய்க்கும் இடையில்தான். ஓரோர் அடியையே இருவரும் பாதி பாதியாகப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். படை முழுக்கக் கொதிக்கிறது, தடுக்கப்போனவனைக் கல்லால் அடிக்க வந்தார்கள், அதில் அவனுடைய சொந்த ஆட்களே முன்னால் நின்றார்கள், ஒடிஸியஸ் வந்து அவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போவான், அப்போதும் தான் எதிர்த்து நிற்பேன் என்கிறான் அக்கிலிஸ். இத்தனைக்கும் இஃபிஜெனியா வாய் திறப்பதில்லை. அக்கிலிஸ் வரும்போதே சந்தம் நீண்டு துள்ளத் தொடங்கிவிடுகிறது, அவள் வாய் திறப்பதும் அதே சந்தத்தில்தான். சகோதரர்கள் சண்டையிட்ட அதே சந்தம். கிரீஸுக்காகச் சாகிறேன் என்கிறாள்.

ஒத்திகையில் நேரத்தைத் தின்பது இந்த மௌனம்தான். நாட்டுப்பற்று வசனத்தை உரக்கப் பேச எந்த நடிகையாலும் முடியும். ஆனால் தனக்காக ஒருவன் சாகப்போகிறான், தாயும் அடிபடப்போகிறாள், தனக்குத் தப்ப வழியில்லை என்பதை அவள் கேட்டுக்கொண்டே நிற்பதைக் காட்டவில்லை என்றால், அரிஸ்டாட்டில் சொன்னது சரியாகிவிடும். தகப்பன் நீட்டிய நாட்டுப்பெருமைச் சொற்களையே அவள் எடுத்துக்கொள்கிறாள். அதை நம்பிச் சொல்கிறாளா, சாவுக்கு ஓர் அர்த்தம் தேடிக்கொள்கிறாளா என்பது நடிகையின் முடிவு.

முடிவுப் பகுதி இன்னொரு தலைவலி. பலிபீடத்தில் பெண் மறைந்தாள், மான் கிடந்தது என்கிறான் தூதன். இன்று கையில் இருக்கும் கடைசி அடிகளில் பெரும்பகுதி யூரிப்பிடிஸ் எழுதியதல்ல என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தப் பகுதியிலேயே கிளிட்டெம்னெஸ்ட்ரா, தன்னைத் தேற்றக் கட்டிவிட்ட கதையோ என்று ஐயப்படுகிறாள். மான் கதையை வெட்டிவிடும் இயக்குநர்கள் உண்டு. வைத்துக்கொண்டு அவள் ஐயத்தை உயர்த்திப் பிடிப்பதே மேல்.

பின்னால் வந்தவர்களும் இந்த முடிவோடுதான் மல்லுக்கட்டினார்கள். ஓவியர் டிமாந்தஸ், அகமெம்னானின் முகத்தைத் துணியால் மூடிவிட்டார். பொம்பேயில் கிடைத்த, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுவரோவியத்திலும் தகப்பன் அப்படியே முகம் மூடி நிற்கிறான். ரோமக் கவி லுக்ரீஷியஸுக்கு மானே தேவைப்படவில்லை. மதம் செய்விக்கும் கொடுமைக்கு இந்தக் கொலையைச் சான்றாக்கினார். 1674-இல் ராசீன், குற்றமற்ற பெண்ணைக் கொல்லவும் மனமில்லாமல், தெய்வத்தை இறக்கவும் கூசி, எரிஃபில் என்ற இன்னொருத்தியைப் புகுத்தி அவளைச் சாகவிட்டார். 1774-இல் பாரிஸில் அரங்கேறிய க்ளூக்கின் ஓப்பரா ராசீனைப் பின்பற்றினாலும் எரிஃபிலை விட்டுவிட்டது. 1977-இல் மிஹாலிஸ் கக்கோயானிஸ் எடுத்த படத்தில் மான் தொடக்கத்துக்குப் போய்விட்டது: பசித்த படைவீரர்கள் ஆர்ட்டெமிஸின் மானைக் கொல்கிறார்கள். கிளிட்டெம்னெஸ்ட்ராவாக ஐரீன் பாபஸ். யோர்கோஸ் லாந்திமோஸின் 2017 படம் மானைத் தலைப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, கதையை இன்றைய அமெரிக்க மருத்துவர் வீட்டுக்குள் நகர்த்தியது.

மேடைக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அரியான் ம்னூஷ்கின் 1990-இல் பாரிஸில் தொடங்கிய ‘லெ அட்ரிட்’ வரிசை. ஈஸ்கிலஸின் ‘ஓரெஸ்டியா’ முந்நாடகத்துக்கு முன்னால் ‘ஆலிஸில் இஃபிஜெனியா’வை அவர் வைத்தார். ஒப்பனையிலும் உடையிலும் ஆட்டத்திலும் கதகளியின் சாயல் தெரிந்தது. கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் இந்தப் பலியைக் கோரஸின் நினைவாக மட்டுமே, வாய் கட்டப்பட்ட பெண்ணாகச் சொல்லியிருந்தார். ம்னூஷ்கினின் பார்வையாளர்கள் அந்தப் பெண் பேசுவதை முதல் நாடகத்திலேயே கேட்டுவிட்டு, அடுத்ததில் கணவனைக் கொல்லும் கிளிட்டெம்னெஸ்ட்ராவைப் பார்த்தார்கள்.