பிரதோஷத்தன்று வந்தவர்கள்

மாசி மாதப் பிரதோஷம். தஞ்சைப் பெரிய கோயிலில் மாலை நாலு மணிக்கே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. வாசலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் ஒரு வெளிநாட்டு அம்மாவும் மகளும். அம்மாவுக்கு அறுபதை ஒட்டியிருக்கும். சாதாரணச் செருப்பு போட்டிருந்ததால் உதறிவிட்டு நிமிர்ந்துவிட்டார். மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ நாடாவோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கோயில், தர்கா, குருத்வாரா, போகிற வீடு என்று இந்த நாட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காலணியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சாக்ஸை மட்டும் விட்டுவைத்தாள். மதியமெல்லாம் காய்ந்த தளம் அந்த நேரத்திலும் பாதத்தைச் சுடும். ஊர்க்காரர்களே நிழல் பார்த்து, நார் விரிப்பு பார்த்துத்தான் கால் வைத்து நடந்தார்கள்.

வாசலைத் தாண்டும்போது முன்னால் போகிற பெண்களை ஒருமுறை பார்த்தாள். கழுத்தில் சுற்றியிருந்த பருத்தித் துணியைப் பிரித்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள். இந்தியாவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் எதை வைக்கிறார்களோ இல்லையோ, அப்படி ஒரு துணியை வைத்துக்கொள்வது நல்லது. வெயிலுக்கு முக்காடு, குருத்வாராவில் தலைக்கு மறைப்பு, ராத்திரி ரயிலில் போர்வை எல்லாமே அதுதான்.

உள்ளே வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றார். அவரும் அவருடைய கூட்டமும் நின்றிருந்ததே விமானத்தின் நிழலில்தான். கிட்டத்தட்ட 216 அடி உயரமுள்ள கல் கட்டடத்தின் நிழல் சாயங்கால வெயிலில் கிழக்கே நீண்டு முற்றத்தில் கிடந்தது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தான் என்று கல்லிலேயே இருக்கிறது. அவன் கொடுத்தது, அக்காள் குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது என எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. கோயிலுக்கென்று பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடிவைத்த 400 ஆடல் பெண்களின் பேர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுகூட இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்களின் பேரும் விலாசமும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்போது, எதற்கு நிழல் விழாத கதை? வழிகாட்டி வைத்துக்கொள்கிறவர்கள், ‘இது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, காட்டுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

அம்மாவும் மகளும் வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கூட்டம் நகர்ந்த பக்கம் நகர்ந்து நந்திக்கு எதிரே வந்து சேர்ந்தார்கள். பயண நூல்கள் பலவும், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போங்கள் என்று சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிற்பம் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றால் நடை திறந்த உடனே காலையில் வரலாம். இந்த ஊர் ஜனங்கள் கோயிலை என்னவாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் மாதத்தில் இரண்டு தடவை வரும் பிரதோஷத்தன்றுதான் வர வேண்டும். பஞ்சாங்கமோ நாள்காட்டியோ பார்த்தால் தேதி தெரிந்துவிடும். தங்கும் விடுதியில் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

நாயக்கர் காலத்து நந்தி, ஒரே கல். அதன் முதுகிலிருந்து குடம் குடமாகப் பால் இறங்கியது. கருங்கல் வெள்ளையாகி மறுபடி கருத்தது. அடுத்து மஞ்சள், பிறகு சந்தனம். ஒவ்வொரு தடவையும் கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. மகள் கால் வலித்துத் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நந்தியைப் பார்க்க நீட்டினாள். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் பேசவில்லை. அவள் முழங்காலை லேசாகத் தொட்டு, தன் மடக்கிய காலைக் காட்டினாள். மகள் சட்டென்று காலை மடக்கிக்கொண்டாள். பாட்டி தன் சேலைத் தலைப்பை ஒதுக்கி, அவளுக்குச் சாய்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

தீபாராதனை முடிந்து விபூதி வந்தது. அம்மாவின் வலது கையில் போன். இடது கையை நீட்டினார். விபூதி கொடுக்க வந்தவர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். முகத்தில் கோபமில்லை, காத்திருந்தார். அம்மாவுக்கு ஏனென்று விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். அதற்குள் பாட்டி அந்த போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, “வலது கை, கண்ணு. கீழ இடது கையைத் தாங்கிக்க” என்று தன் கையால் செய்து காட்டினாள். அம்மா அப்படியே நீட்ட, ஒரு சிட்டிகை விழுந்தது. அடுத்து என்ன என்று பாட்டியைப் பார்த்தார். பாட்டி தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். அம்மாவும் இட்டுக்கொண்டார். கொஞ்சம் கண்ணில் விழுந்தது. பாட்டி ஊதிவிட்டாள்.

வாங்குவது, கொடுப்பது, சாப்பிடுவது எல்லாம் வலது கையில் என்று எல்லாப் பயண நூலிலும் இருக்கிறது. அந்த அம்மாவும் படித்திருப்பார். கையில் போன் இருந்தால் படித்தது மறந்துபோகும். கோயிலுக்குள் நுழையும்போதே போனைப் பைக்குள் போட்டுவிட்டால் பாதிச் சங்கடம் வராது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு போனை உள்ளே கொண்டுபோகவே விடுவதில்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன்.

மகளிடம் கேமரா இருந்தது. தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்துத் தூக்கினாள். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். உடனே இறக்கினாள். பத்து நிமிஷம் கழித்துப் போய் அவர் எதிரே உட்கார்ந்து, கேமராவைக் காட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பெரியவர் தோள்துண்டை நீவிவிட்டு, முதுகை நிமிர்த்தி, புகைப்படக் கடையில் நிற்பதுபோல நேராகப் பார்த்தார். எடுத்ததைத் திருப்பிக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பின்னால் நின்ற பேரனைக் கூப்பிட்டு அவனையும் சேர்த்து இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

பிரசாதம் சூடாகத் தொன்னையில் வந்தது, வெண்பொங்கல். அம்மா தயங்கினார். புது ஊரில் வயிற்றைப் பற்றிப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். நறுக்கி வைத்த பழம், மூடி பிரித்த தண்ணீர், ஐஸ் இவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். கண்ணெதிரே ஆவி பறக்க வரும் சோற்றில் பெரும்பாலும் கெடுதல் வராது. மகள் முதலில் ஒரு வாய் எடுத்தாள். பிறகு இரண்டு பேரும் தொன்னையை வழித்துவிட்டார்கள்.

பாட்டியோடு கல்லூரியில் படிக்கிற பேத்தி வந்திருந்தாள். நாளைய திட்டத்தை அம்மா தாளில் எழுதி வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம் மூன்றும் ஒரே நாளில். “வேண்டாம் ஆன்ட்டி. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, பாதி நாள் வெளியவே உக்காந்திருப்பீங்க” என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னாள் பெண். தாராசுரம் மட்டும் போதும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள் என்றாள். கும்பகோணத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே தாராசுரம் வந்துவிடும். பஸ்ஸில் தூங்கிவிட்டால் தாண்டிப்போய்விடுவார்கள். அம்மாவின் தாளை வாங்கி, பின்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் ‘தாராசுரம் கோயில்’ என்று எழுதினாள். கீழே ‘இவங்களை இங்க இறக்கி விடுங்க அண்ணா’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

“டிக்கெட் வாங்கும்போதே கண்டக்டர்கிட்ட காட்டிடுங்க. சில்லறை வச்சுக்கங்க, ஐநூறு ரூபா நோட்ட நீட்டாதீங்க.”